விரல்மடக்கும் தசைநாண்: இணைப்பும் இயக்கமும்

முறிந்த எலும்பு கூடிவிட்டால், கிழிந்த தோல் மூடிவிட்டால், வைத்தியரின் காரியம் பெரும்பாலும் நிறைவேறிவிடுகிறது. விரலை மடக்கும் தசைநாண் அறுபட்டவிடத்திலோ, அறுந்த இரு முனைகளும் தம்முள் சேரவேண்டும். சேர்ந்த நாணோ தன்னைச் சூழ்ந்த உறையோடும் அடியிலுள்ள எலும்போடும் சேராதிருக்கவேண்டும். ஒரே புண்ணில் பிறக்கும் தழும்பு ஓரிடத்தில் உறுதியாகவும், அதற்கு ஒரு நூலிழை அப்பால் இல்லாமலும் இருக்கவேண்டுமென்று இயற்கையிடம் கேட்கிறோம். இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரம் தையலின் நேர்த்தி மட்டுமன்று, தையலுக்குப் பின் நாணுக்குக் கொடுக்கப்படும் சலனமுமாகும் என்பதும், அச்சலனத்தையும் சஸ்திர சிகிச்சையின் ஓர் அங்கமாகவே கணக்கிடவேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

தசையின் சுருக்கத்தில் பிறக்கும் விசையை எலும்புக்குக் கொண்டு சேர்ப்பது தசைநாணின் தொழில். நெடுக்காக அடுக்கப்பட்ட கொலாஜன் இழைகளே அதன் பெரும்பகுதியாகவும், உயிரணுக்கள் அவற்றிடையே அருகியும் இருப்பதைக் கண்டவர்கள், அதை இழுப்பதற்கென்றே அமைந்த உயிரற்ற கயிறாகக் கருதியதில் வியப்பில்லை. ஆனால் விரலுக்குள் அது நடத்தும் வாழ்க்கை வேறு விதமானது. உள்ளங்கையில் விரல்களை அடுத்துள்ள ரேகைக்கருகே தொடங்கி, விரலின் நடுவெலும்பு வரை செல்லும் குறுகிய உறைக்குள், மேலடுக்குத் தசையின் நாண் இரண்டாகப் பிளந்து வழிவிட, ஆழத்துத் தசையின் நாண் அப்பிளவினூடே நுழைந்து விரல்நுனி எலும்பைச் சென்று பற்றுகிறது. கப்பிகள் என்று உடற்கூற்று நூலார் அழைக்கும் வளையப்பட்டைகள் இவ்விரண்டையும் எலும்போடு அணைத்துப் பிடிக்கின்றன. அவை இல்லாவிடில் நாண் எலும்பை விட்டு எழும்பி, தசையின் உழைப்பில் ஒரு பகுதி வீணாகும். விரல்மடக்கும் நாண்கள் சுமார் 7 சென்டிமீட்டர் தூரம் ஓடவல்லவை. மணிக்கட்டை நிமிர்த்தும் நாண்களுக்கோ அதில் பாதி ஓட்டமே உண்டு. இவ்வளவு நெருக்கமான இடத்தில் இவ்வளவு ஓட்டம் வேண்டியிருப்பதுதான், மற்ற இடங்களில் எளிதாயிருக்கும் நாண்தையல் இங்கே துர்லபமாவதற்குக் காரணம்.

நாணைத் தைக்கவே அஞ்சிய காலமும் இருந்தது. நரம்பின் இழைகள் நாணில் கலந்திருப்பதாகக் கருதிய கேலன், அதை ஊசியால் குத்தினால் வலிப்பு உண்டாகுமென்று எச்சரித்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஹாலர் என்னும் சுவிஸ் அறிஞர், நாணுக்கு அத்தகைய உணர்ச்சி இல்லையென்று விலங்குகளில் பரிசோதித்துக் காட்டினார்.

அந்த அச்சம் நீங்கிய பின்னும் வேறோர் அச்சம் எஞ்சியது. சான்பிரான்சிஸ்கோவில் கைச்சிகிச்சையைத் தனித்துறையாக வளர்த்த ஸ்டெர்லிங் பன்னல், மேலே கூறிய உறைப்பகுதியை, எதிரெதிர்ப் படைகளுக்கு இடையே யாரும் கால்வைக்காத சூனியப் பிரதேசத்தின் பெயரால் குறித்தார். அங்கே அறுபட்ட நாணை உடனே தைக்காமல், தோலை மட்டும் மூடிப் புண்ணை ஆறவிட்டு, பின்னொரு நாள் பழைய நாண்களை அகற்றி, வேறிடத்திலிருந்து எடுத்த நாணை உள்ளங்கையிலிருந்து விரல்நுனி வரை பதியவைப்பதே உசிதமென்பது அவர் உபதேசம். 1944-இல் வெளிவந்த அவருடைய கைச்சிகிச்சை நூல் அந்த உபதேசத்துக்குப் பெரும் பிராமாணியம் அளித்தது. அதைக் கோழைத்தனமென்று இன்று பழிப்பது நியாயமாகாது. அசுத்தமான புண்களையும், பயிற்சியற்றவர் போட்ட தையல்களால் மரத்துண்டாய் விறைத்துவிட்ட விரல்களையும் கண்டு கண்டு அவர் எய்திய முடிவு அது.

உடனே தைப்பதா, ஒத்திப்போடுவதா என்னும் அபிப்பிராய பேதத்தின் வேர் ஆய்வுக்கூடத்தில் இருந்தது. தைத்த நாணின் வலிமை முதல் சில நாட்களில் குறைந்து, பிறகே ஏறுகிறதென்று மேசனும் ஆலனும் 1941-இல் நாய்களில் நிறுவினர். 1962-இல் பொட்டென்சா, நாணுக்குத் தானே ஆறும் திறனில்லை, உறையிலிருந்து ஊர்ந்துவரும் திசுக்களே அதை ஆற்றுகின்றன என்று முடிவு செய்தார். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு, அசைவு ஆபத்தானது, ஒட்டுதலோ தவிர்க்கமுடியாத கிரயம் என்றே தோன்றும். அந்த நியாயத்தைத் தகர்த்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த லுண்ட்போர்க். அறுத்துத் தைத்த நாண்துண்டை முயலின் முழங்கால் மூட்டுக்குள் தனியே மிதக்கவிட்டபோது, ரத்தநாளமோ ஒட்டிய திசுவோ இன்றி, மூட்டுநீரின் போஷணையாலேயே அது ஆறியதை அவரும் ராங்கும் 1978-இல் எடுத்துரைத்தனர். ஆகவே நாண் உயிருள்ள திசு. ஒட்டுத்தழும்பு ஆறுதலுக்கு இன்றியமையாத துணையன்று.

சிகிச்சை சாஸ்திரமோ இந்த நிரூபணத்துக்காகக் காத்திருக்கவில்லை. 1960-இல் வெர்டான் உடனடித் தையலை ஆதரித்து எழுதினார். 1967-இல் அமெரிக்காவின் லூயிவில் நகரத்துக் கிளைனெர்ட்டும் தோழர்களும், அந்தச் சூனியப் பிரதேசத்திலேயே தைத்துப் பெற்ற நற்பலன்களை அறிவித்தார்கள். அவர்கள் முறைப்படி, தைத்தபின் விரல்நகத்தையும் மணிக்கட்டையும் ரப்பர்வாரால் இணைத்துவிட்டால், நோயாளி விரலைத் தானே நீட்டுகிறான், ரப்பர் அதை மடக்குகிறது. மடக்கும் தசை உழைக்காமலே நாண் உறைக்குள் ஓடுகிறது. 3 முதல் 5 மில்லிமீட்டர் ஓட்டமே ஒட்டுதலைத் தடுக்கப் போதுமென்று டுரானும் ஹௌசரும் 1975-இல் கூறினர். பின்னர் கெல்பர்மன் குழுவினரின் பரிசோதனைகளில், அசைவு பெற்ற நாண்கள் அசையாதவற்றைவிட நன்றாக ஓடியதோடு அதிக வலிமையும் பெற்றிருந்தன.

இந்தத் தத்துவத்துக்கு வேலூரும் ஒரு சாட்சி. தொழுநோயால் நரம்பு செயலிழந்து வளைந்துபோன விரல்களை நிமிர்த்த, கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் 1940-களின் இறுதியில் நாண்மாற்றுச் சிகிச்சையைத் தொடங்கினார். அங்கே நாண் அறுபட்டதன்று. சக்தியுள்ள தசையின் நாணைப் புதிய வழியில் திருப்பிவிடவேண்டும். வழியை அகலத் திறந்தால் தழும்பு அதைச் சிறைப்படுத்திவிடும் என்பதால், திசுக்களை அறுக்காமல் விலக்கிச் செல்லும் மழுங்கிய முனையுடைய கருவியால் நாணை உள்ளே செலுத்துவதை அவர் போற்றினார். அதன்பின் வாரக்கணக்கில் பயிற்சி.

சலனம் தையலைப் பிரித்துவிடாதா என்னும் ஆட்சேபம் மெய்யானதே. பிரிகிறது, சில வேளைகளில். அதற்கு விடை அசைவைக் கைவிடுவதன்று, தையலை அசைவுக்கு ஏற்றதாக்குவது. வெட்டுவாயை இரண்டு இழைகளுக்குப் பதிலாக நான்கோ ஆறோ இழைகள் கடக்கும்போது வலிமை அதற்கேற்ப உயர்கிறது. அட்ரினலின் கலந்த மரப்பு மருந்தைக் கையில் ஏற்றி, நோயாளி விழித்திருக்கையிலேயே தைக்கும் முறையைக் கனடாவின் லலோண்ட் பரப்பியபின், தோலை மூடுமுன் விரலை மடக்கச் சொல்லி, இணைப்பு விலகுகிறதா, கப்பியில் சிக்குகிறதா என்று பிரத்தியட்சமாகக் காணவும், அங்கேயே திருத்தவும் முடிகிறது.

எனினும் மேசையில் கண்ட ஓட்டம் வீட்டில் நிலைக்கவேண்டும். முதல் வாரத்திலேயே பயிற்சி தொடங்கி, சுமார் 6 வாரம் தாங்குசட்டம் அணிந்து, 12 வாரம் வரை பாரம் தூக்காமல் இருக்கவேண்டிய கை, பெரும்பாலும் அரிவாளோ இயந்திரமோ பிடித்துக் கூலி பெறும் கை. நான்காம் வாரத்தில் அடுப்பெரிய வழியின்றி வேலைக்குத் திரும்பும் தொழிலாளியின் நாண் அறுந்துபோனால், அதை அவன் அசிரத்தையென்று குறிப்பேட்டில் எழுதுவது அநீதி. பயிற்சியாளரின் ஊதியத்தையும், அந்த 12 வாரத்துக்கு அவன் இழக்கும் கூலியையும், நூலுக்கும் ஊசிக்கும் ஒதுக்கும் செலவோடு சேர்த்தே அறுவையின் கணக்கில் மருத்துவமனைகள் எழுதவேண்டும்.