ஈப்போ: ஈயம் வளர்த்த ஊரும் சுண்ணாம்புக் குன்றுகளும்

ஈப்போவைச் சூழ்ந்த செங்குத்துக் குன்றுகள் எரிமலை போல் தோன்றினாலும், கடலடியில் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல்லே. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயம் வேறு வழியில் வந்தது. நிலத்துக்கடியில் ஆறி இறுகிய பாறைக் குழம்பு கருங்கல்லானது. அது தேய்ந்தபோது ஈயத்தாதை ஆறுகள் பள்ளத்தாக்கில் சேர்த்தன.

ஈய லம்பங்களில் பெரும்பாலும் சீனர்களும், இரயில் பாதையிலும் ரப்பர் தோட்டங்களிலும் தமிழர்களும் உழைத்தனர். 1937இல் ஈப்போ பேராக்கின் தலைநகரானது. 1985இல் ஈய விலை சரிய, லம்பங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. குட்டைகளும் தஞ்சோங் துவாலாங் ஈயக்கப்பலுமே அக்காலத்தின் மிச்சம்.

1973இல் குனோங் சீரோவில் பாறை சரிந்து ஏறக்குறைய 40 பேர் மாண்டனர். கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயம் இருப்பதும் அங்கேதான். கிந்தா பள்ளத்தாக்கு 2018இல் தேசியப் புவிப்பூங்காவானது. ஆயினும் சிமெண்டுக்காகக் குன்றுகளை வெட்டுவது நிற்கவில்லை.