இரண்டு எழுத்துக்களுக்கு விலை பேசிய தீவு

இணையத்தில் ஒரு பெயரைப் பதிவுசெய்து வைத்திருப்பவரிடம் ஒருநாள் ஒரு கம்பனி வந்து, "இதை எங்களுக்குத் தருவீர்களா?" என்று கேட்டால் அவர் என்ன செய்வது? கேட்பவருக்கு அதன் பெறுமதி தெரியும். வைத்திருப்பவருக்கோ அது சும்மா கிடந்த பொருள். தனிமனிதருக்கு நேரும் இச்சங்கடம் ஒரு தேசத்துக்கே நேர்ந்த வரலாறு ஒன்றுண்டு.

பசுபிக் சமுத்திரத்தில் பிரித்தானியரின் ஆட்சிக்குட்பட்டிருந்த கில்பர்ட், எலிஸ் தீவுகளில், எலிஸ் மக்கள் 1974 இல் நடந்த வாக்கெடுப்பில் பிரிந்து செல்வதெனத் தீர்மானித்தனர். 1978 ஒக்டோபர் 1 ஆம் திகதி துவாலு என்ற பெயருடன் அவர்கள் சுதந்திரமடைந்தனர். 'சேர்ந்து நிற்கும் எட்டு' என்பது அச்சொல்லின் பொருள். தீவுகள் ஒன்பது, ஆனால் மரபாக மக்கள் வாழ்ந்தவை எட்டே. நிலப்பரப்பு 26 சதுர கிலோமீற்றர். மக்கள்தொகை பதினோராயிரம் அளவில்.

பெயர் சூட்டியவர்கள் தொலைக்காட்சியை நினைத்திருக்கமாட்டார்கள். ஆயினும், நாடுகளுக்கான ஈரெழுத்துக் குறியீடுகளில் இலங்கைக்கு எல்.கே. அமைந்ததைப் போல, துவாலுவுக்கு டி.வி. அமைந்துவிட்டது. இணையம் வந்தபோது அக்குறியீடே அந்நாட்டின் ஆள்களப் பெயரும் ஆயிற்று.

மீன்பிடி உரிமக் கட்டணம், முத்திரை விற்பனை, 1987 இல் நிறுவப்பட்ட நம்பிக்கை நிதியம் என்பனவே துவாலுவின் வருவாய். தொலைபேசிக் குறியீட்டெண்ணை வெளிநாட்டு வர்த்தகர்களுக்கு வாடகைக்கு விட்டதும் உண்டு. அது ஆபாச உரையாடல் சேவைகளுக்குப் பயன்பட, தேவாலயப் பற்று மிகுந்த மக்கள் முகஞ்சுழித்தனர். ஆகவே 'டொட் டிவி'யைக் கேட்டுக் கம்பனிகள் வந்தபோது, பணம் எவ்வளவு என்பதோடு நமது பெயர் எதற்குப் பயன்படும் என்ற கேள்வியும் எழுந்தது.

1998 இல் கனடாவின் ரொறன்ரோ நகரக் கம்பனி ஒன்று 5 கோடி அமெரிக்க டொலர் தருவதாக ஒப்பந்தம் செய்தது. உரிய காலத்தில் பணம் வரவில்லை. 2000 இல் கலிபோர்னியாவின் ஐடியாலாப் உருவாக்கிய நிறுவனத்துடன் புதிய உடன்பாடு ஏற்பட்டது. 5 கோடி டொலர் வரையிலான தொகை, ஆனால் பல ஆண்டுத் தவணைகளில். கவனிக்க, இது விற்பனையன்று, குத்தகை.

அக்காலத்தில் பத்திரிகை மேசைக்கு இச்செய்தி ஒரு வேடிக்கைத் துணுக்காகவே வந்து சேர்ந்தது. நாங்களும் அப்படியே வெளியிட்டோம். ஆனால் அப்பணத்தில் துவாலு முதலில் செய்த காரியங்களுள் ஒன்று வேடிக்கையானதன்று. ஐ.நா. உறுப்புரிமைக்கான செலவைத் தாங்க வசதியின்றி இருபதாண்டுகளுக்கு மேல் வெளியே நின்ற அந்நாடு, 2000 செப்டெம்பர் 5 ஆம் திகதி 189 ஆவது உறுப்பினராகச் சபையில் அமர்ந்தது. தலைநகர் பூனாபூட்டியின் வீதிகள் தார் கண்டதும் அப்பணத்தினாலேயே.

பின்னர் அக்கம்பனியை வெரிசைன் வாங்கியது. துவாலுவுக்குக் கிடைத்தது ஆண்டுக்கு ஏறத்தாழ 22 இலட்சம் டொலரும், வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால் சிறு பங்கும். இதற்கிடையே இணையத்தில் காணொளி பெருகியது. டொட் டிவி முகவரியில் இயங்கிய ட்விச்சை 2014 இல் அமேசன் 97 கோடி டொலருக்கு வாங்கியது. துவாலு அமைச்சர்கள் தமக்குக் கிடைப்பது அற்பமென்று பகிரங்கமாகவே குறைகூறினர்.

கரிபியனின் அங்குவிலாவை இதனுடன் ஒப்பிடுவோருண்டு. 'டொட் ஏஐ'யை நீண்டகாலம் தானே நிர்வகித்த அத்தீவு, செயற்கை நுண்ணறிவு அலையில் 2023 இல் மட்டும் ஏறத்தாழ 3.2 கோடி டொலர் ஈட்டியது. துவாலு ஏமாந்துவிட்டதென்று சொல்ல இவ்வுதாரணம் வசதியானது. நான் உடன்படமாட்டேன். 2000 இல் பதிவகம் நடத்தும் தொழில்நுட்பமோ முதலோ துவாலுவிடம் இருக்கவில்லை. காத்திருந்திருந்தால் ஐ.நா. ஆசனமும் காத்திருந்திருக்கும். குறை குத்தகைக்கு விட்டதிலன்று. வளரும் பொருளுக்குப் பெரும்பாலும் நிலையான வாடகை பேசியதிலேயே. முழுவதுமாக விற்றிருந்தால் அதைத் திருத்தவும் வழியிருந்திராது. குத்தகை முடிந்ததனால்தான் மீண்டும் பேரம் பேச முடிந்தது. 2021 இறுதியில் கோடாடி தெரிவுசெய்யப்பட்டபோது ஆண்டுத் தொகை ஏறத்தாழ 1 கோடி டொலர் எனச் செய்திகள் கூறின.

அதே 2021 இல் துவாலுவின் வெளிநாட்டமைச்சர் சைமன் கோஃபே, முழங்காலளவு கடல்நீரில் நின்று கிளாஸ்கோ காலநிலை மாநாட்டுக்கு உரையாற்றினார். நிலம் கடலுக்குள் போனால் அந்த இரு எழுத்துக்கள் யாருக்குச் சொந்தம்? யூகோஸ்லாவியா மறைந்தபின் அதன் 'டொட் வையு' 2010 இல் நீக்கப்பட்டது. 2023 இல் துவாலு தன் அரசியலமைப்பைத் திருத்தியது. கடல்மட்டம் உயர்ந்து நிலம் இழக்கப்பட்டாலும் துவாலு என்ற அரசு என்றும் நிலைத்திருக்குமென அதில் எழுதப்பட்டுள்ளது.