நாடும் ஊரும் கோப்புறையும்: பாதைப் பட்டை வளர்ந்த வரலாறு

அடி அண்ணாமலை எங்கே இருக்கிறது என்று கேட்டால் இரண்டு விடைகள் கிடைக்கும். திருவண்ணாமலை மாவட்டம், திருவண்ணாமலை வட்டம், அடி அண்ணாமலை என்பது ஒன்று. கிரிவலம் வருபவர் சொல்வது வேறு: இந்திர லிங்கம் தொடங்கி அக்னி, எமன், நிருதி, வருணன் என ஒவ்வொன்றாகக் கடந்து வாருங்கள், வாயு லிங்கத்துக்கு முன்னால் கோயில் தெரியும். முதலாவது முகவரி. இரண்டாவது கால் நடந்த தடம்.

கணினியின் கோப்பு மேலாளரில், கோப்புறைப் பெயர்கள் வரிசையாக நிற்கும் பட்டைக்கு ஆங்கில வழக்கில் ரொட்டித்துணுக்கு என்று பெயர். கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட கதைத் தொகுப்பில், காட்டில் வழி தவறாதிருக்க ஹான்சல் தூவிச் சென்ற துணுக்குகள் அவை. பெயர் தடத்தைச் சொல்கிறது. பட்டையோ முகவரியைக் காட்டுகிறது. நடந்த தடத்தை வைத்திருப்பது பக்கத்தில் உள்ள ‘பின்செல்’ பொத்தான்தான். பட்டையின் பயன்பாட்டுச் சிக்கல்கள் பலவற்றுக்கு இந்தக் குழப்பமே வேர் என்பது என் கருத்து.

மல்டிக்ஸ் இயங்குதளத்துக்காக ராபர்ட் டேலியும் பீட்டர் நியூமனும் 1965இல் எழுதிய கட்டுரை, கோப்புகளை மரம்போல் கிளைவிட்டு அடுக்கும் முறையை விளக்கியது. மல்டிக்ஸ் பெயர்களைப் பிரிக்க > என்ற குறியைப் பயன்படுத்தியது. இன்றைய பட்டைகளில் நாம் காண்பதும் அதையொத்த குறியே. யூனிக்ஸ் சாய்கோட்டுக்கு மாறியது. 1983இல் வந்த எம்எஸ்-டாஸ் 2.0, அந்தச் சாய்கோடு கட்டளை விருப்பங்களுக்கு ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்ததால் அதைத் திருப்பிப் போட்டது. அக்காலத்தில் பாதை என்பது மனப்பாடமாக வைத்துத் தட்டச்சிட வேண்டிய ஒன்று.

கண்ணுக்குத் தெரியும் பாதை 1989இல் நெக்ஸ்ட்ஸ்டெப் இயங்குதளத்தில் சின்னங்களின் வரிசையாக வந்தது. மெக்கின்டாஷின் சிஸ்டம் 7 (1991) அதைச் சாளரத் தலைப்புக்குள் மறைத்து வைத்தது. 2004 மார்ச்சில் ஒரு விந்தை: ஜிடிகே 2.4 என்ற இடைமுக நிரலகம் கோப்புத் தேர்வுப் பெட்டியில் பாதையைப் பொத்தான்களாக்கியது; அதே மாதம், அந்த நிரலகத்தையே பயன்படுத்தும் க்னோம் 2.6 மேசைச்சூழல் எதிர்த்திசையில் நடந்து, ஒவ்வொரு கோப்புறையையும் தனிச் சாளரத்தில் திறந்தது. 2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா, அக்டோபரில் மேக் லெப்பர்ட், 2008 ஜனவரியில் டால்ஃபின் கோப்பு மேலாளருடன் கேடிஈ 4.0 மேசைச்சூழல் என ஓராண்டுக்குள் பட்டை எங்கும் பரவியது.

விஸ்டா செய்த ஒரு காரியம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. பட்டை இருக்கிறதே என்று ‘மேலே செல்’ பொத்தானை அது நீக்கிவிட்டது. அந்தப் பொத்தான் நிலையான இடத்தில் இருந்தது. கை பார்க்காமலே போகும். பட்டையிலோ மேல் கோப்புறையின் இடம் பெயர்களின் நீளத்துக்கேற்ப நகர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் கண் தேட வேண்டும். 2012இல் விண்டோஸ் 8 அந்தப் பொத்தானைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் விஸ்டா பட்டையில் பெயர்களுக்கிடையே உள்ள சிறு முக்கோணம், அண்டைக் கோப்புறைக்கு நேரே தாவ வழிசெய்தது பெரிய ஆதாயம்.

தமிழருக்குப் பட்டையின் வரிசை அயலானதல்ல. ஆங்கில முகவரி வீட்டில் தொடங்கி நாட்டில் முடியும். சோழர் கல்வெட்டுகள் பெரியதில் தொடங்கிச் சிறியதில் முடிக்கும்: பெண்ணை வடகரை, வாணகோப்பாடி, அண்ணாநாடு, திருவண்ணாமலை. எ. சுப்பராயலு 1973இல் வெளியிட்ட சோழநாட்டு அரசியல் புவியியல் ஆய்வு இத்தகைய தொடர்களை நம்பியே நாடுகளை வரைபடத்தில் பொருத்தியது. ஒருமுறை முழுப் பாதையைச் சொன்ன பின் கல்வெட்டு ‘இந்நாட்டு’, ‘இவ்வூர்’ என்று சுருக்கிக்கொள்ளும்; கணினியார் சார்புப் பாதை என்பது இதைத்தான். சாளரம் குறுகும்போது விண்டோஸ் பட்டையும் இடப்பக்கப் பெரிய பெயர்களையே முதலில் மறைக்கிறது.

எழுத்து மட்டும் இடிக்கிறது. ‘அடி அண்ணாமலை’ நம் கண்ணுக்கு ஏழெழுத்து. யூனிகோடில் இடைவெளியோடு 12 குறிகள், யூடிஎஃப்-8இல் 34 பைட்டுகள். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு வழக்கமான உச்ச வரம்பு 255 பைட்டுகள்தான். ஆங்கிலத்தில் தாராளமான இந்த வரம்பு, கோயில், மண்டபம், சுவர், கல்வெட்டின் பொருள் என்று கல்வெட்டுப் படங்களுக்கு விளக்கமாகத் தமிழில் பெயரிடுபவரைச் சீக்கிரமே தடுத்து நிறுத்துகிறது.

இதைவிடக் கடினமானது பெயர் மாற்றம். ஒரு மண்டலமோ வளநாடோ புதுப்பெயர் பெற்றபோது, கல்வெட்டு எழுதியவர்கள் ‘ஆன’ என்ற ஒரே சொல்லால் பழையதையும் புதியதையும் சேர்த்துப் பொறித்தார்கள். பட்டையில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை; ஒரு கோப்புறைக்கு ஒரு பெயர், ஒரு தாய்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவண்ணாமலை வட்டம் தென் ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. பிறகு வட ஆற்காட்டுக்குப் போனது. 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டத்தின் தலைநகரானது. அடி அண்ணாமலைக் கோயில் மலையின் மேற்கே இருந்த இடத்திலேயே இருக்க, அதன் பாதை இருமுறை மாறியிருக்கிறது. பழைய கல்வெட்டு அறிக்கையைப் பார்த்து ‘தென் ஆற்காடு’ கோப்புறையில் ஒருவர் சேர்த்த படத்தை, ‘திருவண்ணாமலை’ கோப்புறையைத் திறந்து தேடும் மாணவர் காணப்போவதில்லை.