பூனையும் ரத்தப் பரிசோதனையும்: ஒரு சின்ன வரலாறு

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் ஆலங்குடிப் பக்கத்திலிருந்து பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். மூன்று மாதக் கர்ப்பம். முதல் கரு கலைந்ததால் இந்த முறை 'டார்ச்' பரிசோதனை எடுத்திருக்கிறார்கள். டாக்ஸோபிளாஸ்மா ஐஜிஜி பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. "எல்லாம் நீ வளர்த்த பூனையாலதான்னு அத்தை சொல்றாங்க டீச்சர். போன குழந்தையை நான்தான் கொன்னுட்டேனா?" என்று அழுதாள்.

நான் டாக்டர் இல்லை, வரலாறு நடத்தியவள். அறிக்கையோடு மகப்பேறு மருத்துவரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, இந்தப் பரிசோதனை எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன்.

1908இல் துனிஸ் நகரப் பாஸ்டர் நிலையத்தில் சார்லஸ் நிக்கோல், மான்சோ என்ற இருவர், வட ஆப்பிரிக்கக் கொறிவிலங்கு ஒன்றின் உடலில் இந்த ஒட்டுண்ணியைக் கண்டார்கள். வில் போல வளைந்திருந்ததால், வில்லைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும் என்பது தெளிவாக இன்னும் முப்பது வருஷம் ஆனது. 1939இல் நியூயார்க் மருத்துவர்கள், பிறந்து ஒரு மாதத்தில் இறந்த குழந்தையின் மூளையில் இது இருந்ததை எழுதினார்கள். 1948இல் சேபின், ஃபெல்ட்மேன் இருவரும் ரத்தத்தில் கண்டறியும் சோதனையை உருவாக்கினார்கள். நம் பிள்ளைகளுக்குப் போட்ட போலியோ சொட்டு மருந்து தந்த அதே சேபின்தான்! பூனையின் குடலில்தான் இது முழுதாகப் பெருகுகிறது என்று உறுதியானதோ 1970 வாக்கில்.

பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ இறைச்சி சாப்பிடும் பழக்கமுள்ள பிரான்ஸில் இந்தத் தொற்று அதிகம். அங்கே 1978இல் இந்தப் பரிசோதனையைச் சட்டமாக்கினார்கள். பிறகு, முன்பு தொற்று வராத கர்ப்பிணிகளுக்கு மாதாமாதம் சோதனை என்றானது. பிரிட்டனோ எல்லோருக்கும் இந்தச் சோதனை வேண்டாம் என்று முடிவெடுத்தது. நம் நாட்டிலும் எச்.ஐ.வி., சிபிலிஸ், ரத்தசோகை போல இது எல்லோருக்குமான சோதனை இல்லை. நோய் எவ்வளவு பரவியிருக்கிறது, சோதனை எவ்வளவு தெளிவாகச் சொல்லும், சொன்னபின் என்ன செய்ய முடியும் என்று ஒவ்வொரு நாடும் கணக்குப் போடுகிறது.

அந்தக் கணக்கில் முக்கியமானது ஒன்று உண்டு. ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் எப்போதோ வந்து போன தொற்று. அது தாய்க்குப் பாதுகாப்பும் கூட. கர்ப்ப காலத்தில் முதன்முறையாக வருவதுதான் ஆபத்து. ஐஜிஎம் பாசிட்டிவ் என்றாலும் உடனே பயப்பட வேண்டாம். அது மாதக்கணக்கில் ரத்தத்தில் தங்கும் என்பதால், தொற்று பழையதா புதியதா என்று அறிய மேற்கொண்டு சோதனை உண்டு. புதியதென்றால் மருந்தும் உண்டு.

பூனை மட்டுமே காரணமும் இல்லை. கழுவாத காய்கறி, மண், வேகாத கறி, தண்ணீர் எல்லாவற்றாலும் வரலாம். 2004-05இல் கோயம்புத்தூரில் 248 பேருக்கு இதே ஒட்டுண்ணியால் கண் பாதித்தது. அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். சந்தேகம் விழுந்தது குடிநீரின் மேல்.

நம் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில்தான் தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் நடக்கிறது. கர்ப்பத்தை ஆரம்பத்திலேயே பதிவு செய்து, சோதனைகளுக்குப் போனால்தான் பணம். தாயைக் காப்பாற்றத்தான் சோதனை. அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அல்ல.

அந்தப் பெண் மறுவாரம் போன் செய்தாள். ஐஜிஎம் நெகட்டிவ், இது பழைய தொற்று, போன கரு கலைந்ததற்கு இதைக் காரணமாகச் சொல்ல முடியாது என்றாராம் மருத்துவர். "அத்தையும் கூட வந்தாங்க டீச்சர், கேட்டுக்கிட்டாங்க" என்றாள். பூனை வீட்டில்தான் இருக்கிறது. அதன் கழிவை இப்போது கணவர் தினமும் அள்ளுகிறாராம்!

மருமகள் அறிக்கையோடு வந்து நிற்கும் வீடுகளில் பெரியவர்கள் இதை நினைவில் வையுங்கள். கறியை நன்றாக வேகவையுங்கள், கீரையை நன்றாகக் கழுவுங்கள், அறிக்கையை மருத்துவர் படிக்கட்டும். பழியை மட்டும் யார் மேலும் போடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்