திருமுழுக்கும் மீட்பும்

ஞானஸ்நானம் எனப்படும் திருமுழுக்குப் பெறாமல் மீட்படைய முடியுமா என்ற வினா கிறிஸ்தவத்தின் தொடக்கக் காலத்திலேயே எழுந்தது. நீராலும் ஆவியாலும் பிறவாதவர் இறையாட்சிக்கு உட்பட இயலாது என்று யோவான் நற்செய்தியின் 3ஆம் அதிகாரம் கண்டிப்பாகச் சொல்கிறது. ஆனால் லூக்கா நற்செய்தியில், உடன் சிலுவையில் தொங்கிய குற்றவாளிக்கு இயேசு அன்றே பேரின்ப வீட்டை வாக்களிக்கிறார். திருத்தூதர் பணிகளில், செசரியா நகரின் நூற்றுவர் தலைவர் கொர்னேலியுவின் வீட்டார்மீது நீர் படுமுன்பே தூய ஆவி இறங்குகிறது. இவற்றையெல்லாம் சேர்த்துப் படித்தால், திருமுழுக்கு மனிதருக்கு இடப்பட்ட கட்டளை, கடவுளின் கையைக் கட்டும் கயிறு அன்று என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

இது இக்காலத்தின் தளர்ச்சி என்பாருண்டு. வரலாறு அதற்கு இடம்தரவில்லை. கி.பி. 200 அளவில் திருமுழுக்கின் தேவையை வலியுறுத்தி எழுதிய தெர்த்துல்லியனே, மறைச்சாட்சியின் இரத்தத்தை இரண்டாம் திருமுழுக்கு என ஏற்றார். 392இல் பேரரசர் இரண்டாம் வாலண்டினியன் திருமுழுக்கை விரும்பிக் கேட்டிருந்தும் பெறாமலே இறந்தபோது, மிலான் ஆயர் அம்புரோசு தம் இரங்கலுரையில், அந்த விருப்பமே அவருக்குப் போதும் என்று அவருடைய சகோதரிகளைத் தேற்றினார். கடவுள் தம் ஆற்றலை அருளடையாளங்களுக்குள் அடைத்துவிடவில்லை என்று 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் எழுதினார். திருமுழுக்கு அவரவர் விருப்பம் என்போரை 1547இல் கண்டித்த கத்தோலிக்க ஆயர்களின் திரெந்துச் சங்கமும், அதே ஆண்டில், திருமுழுக்கையோ அதற்கான விருப்பத்தையோ சேர்த்தே பேசியது. சீர்திருத்தச் சபைகள் ஒரே வழியில் செல்லவில்லை: 1530இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை திருமுழுக்கு மீட்புக்குத் தேவை என்றது, நம்புவோரின் பிள்ளைகள் பிறப்பிலேயே உடன்படிக்கைக்குள் இருக்கிறார்கள் என்றார் கால்வின், நம்பிக்கை அறிக்கையே முதலில் வரவேண்டும் என்று கருதியவர்கள் 1525இல் சூரிக்கில் பெரியவர்களுக்கு மீண்டும் திருமுழுக்குக் கொடுத்தார்கள்.

விதிவிலக்கு உண்டென்றால் திருமுழுக்கே எதற்கு என்று கேட்கலாம். கொர்னேலியுவின் வீட்டிலேயே விடை இருக்கிறது: ஆவி இறங்கிவிட்டது என்று அங்கிருந்த திருத்தூதர் பேதுரு நிறுத்திக்கொள்ளவில்லை, உடனே திருமுழுக்குக் கொடுக்கச் சொன்னார். பெற முடியாதவருக்குரிய சலுகையை, அறிந்தே மறுப்பவர் தமக்கென எடுத்துக்கொள்ள வழியில்லை. உண்மையிலேயே கடினமான வினா குழந்தைகளைப் பற்றியது. விருப்பம் கொள்ளும் வயதுகூட அவர்களுக்கு இல்லை. பிறப்புப் பாவத்தை மறுத்த பெலாஜியுசை எதிர்த்த அகுஸ்தீன், திருமுழுக்கின்றி இறந்த சிசுக்களுக்கும் தண்டனை உண்டு, ஆனால் மிக இலேசானது என்றார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அது ஆறுதலாகியிருக்க முடியாது. இடைக்கால இறையியலார் துன்பமும் இறைக்காட்சியும் இல்லாத ‘லிம்போ’ என்ற நிலையைக் கற்பித்தார்கள்; அது விசுவாசக் கோட்பாடாக ஒருபோதும் அறிவிக்கப்படவில்லை. அக்குழந்தைகளை இறைஇரக்கத்திடம் ஒப்படைப்பதாக 1992இன் கத்தோலிக்க மறைக்கல்வி சொன்னது. 2007இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம் அவர்கள் மீட்படைவார்கள் என நம்ப வலுவான காரணங்கள் உண்டு என்றது. அந்த நம்பிக்கையைக் காட்டிக் குழந்தையின் திருமுழுக்கைத் தள்ளிப்போடலாகாது என்றும் அதே ஆவணம் எச்சரித்தது.