மாதிரி விமான என்ஜினைப் பழக்குதல்

மாதிரி விமானத்தின் புதிய என்ஜினை முதன்முதலாகப் பறக்கவிடுவதற்கு முன், அதன் உள்பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்படி கட்டுப்பாட்டுடன் ஓட்டுவதைப் பழக்குதல் என்பர், பேச்சுவழக்கில் ‘ரன்னிங்-இன்’. இது பெரிதும் குளோ பிளக் வைத்த இரு வீச்சு என்ஜின்களுக்கு உரியது. அமெரிக்கரான ரே ஆர்டன் 1947இல் குளோ பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தபின் இவ்வகை என்ஜின்கள் எங்கும் பரவின. இவற்றின் எரிபொருள் மெத்தனால். அதோடு சிறிதளவு நைட்ரோமீத்தேனும், மசகுக்காக ஏறத்தாழ 20 விழுக்காடு எண்ணெயும் சேர்ப்பார்கள். அந்த எண்ணெயில் ஒரு பங்காவது விளக்கெண்ணெயாக இருப்பது புது என்ஜினுக்கு நல்லது. கடும் சூட்டிலும் அது உலோகத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும்.

எல்லா என்ஜினையும் ஒரே முறையில் பழக்க முடியாது. வார்ப்பிரும்புப் பிஸ்டனும் எஃகு லைனரும் கொண்ட பழைய வகையையும், பிஸ்டன் வளையம் உள்ள வகையையும் குளிர்ச்சியாகவே ஓட்ட வேண்டும். ஊசி வால்வை நன்றாகத் திறந்து எரிபொருள் மிகுந்த கலவையைக் கொடுத்தால், என்ஜின் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றுதான் வெடிக்கும். சத்தம் கனத்து ஒலிக்கும். சில நிமிடம் ஓட்டி, முற்றிலும் ஆறவிட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். இரும்புப் பிஸ்டனுக்கு இதில் ஒரு மணி நேரம்கூடப் போகலாம்.

ஏ.பி.சி. வகையில் இதே பொறுமை கெடுதலாக முடியும். இதில் பிஸ்டன் அலுமினியம். லைனர் குரோமியம் பூசிய பித்தளை. லைனரின் உள்விட்டம் மேலே போகப்போகக் குறுகும். குளிர்ந்த நிலையில் புரொப்பெல்லரைக் கையால் சுற்றினால் பிஸ்டன் உச்சியில் இறுகிப் பிடிப்பது குறைபாடன்று, வடிவமைப்பே அப்படித்தான். ஓடிச் சூடேறும்போது பித்தளை பிஸ்டனைவிடச் சற்றே அதிகம் விரிந்து, வேண்டிய இடைவெளி அமைகிறது. ஆகவே இதைக் குளிர்ச்சியாக நெடுநேரம் ஓட்டினால் பிஸ்டனின் மேல்விளிம்பு தேயும். ஒவ்வொரு சுற்றிலும் இழுபடும் இணைப்புத் தண்டும் வருந்தும். பழைய வழக்கத்தை அப்படியே கடைப்பிடிப்பதால் பல ஏ.பி.சி. என்ஜின்களின் ஆயுள் குறைவது வருத்தத்துக்குரியது. கிளப்புவதற்கு முன் சிலிண்டர் தலையைத் தலைமுடி உலர்த்தியால் சூடாக்கலாம். வழக்கத்தைவிடச் சற்றுச் சிறிய புரொப்பெல்லரை மாட்டினால் வேகம் எளிதில் ஏறும். பிறகு, கனத்த சத்தம் கீச்சென்ற சத்தமாக மாறும் எல்லையில் ஊசியை நிறுத்தி, சிறு சிறு ஓட்டங்களாக ஓட்ட வேண்டும்.

பழகிவிட்டதா என்பதைக் கடிகாரத்தைவிட என்ஜினே நன்றாகச் சொல்லும். உச்ச வேகத்தில் ஓடும்போது எரிபொருள் குழாயை ஒரு கணம் அழுத்திப் பார்க்கலாம். வேகம் ஏறினால் எரிபொருள் இன்னும் மிகுதி. ஏறாமல் உடனே தொய்ந்தால் கலவை வறண்டுவிட்டது, ஊசியைத் திறக்க வேண்டும். உச்ச வேகத்தை அடைந்தபின் கை வைக்காமலே சுழற்சி மெல்லக் குறைந்தால் என்ஜின் இன்னும் பழகவில்லை, சூடேறி இறுகுகிறது என்று பொருள். விமானத்தின் மூக்கை நேர்மேலே தூக்கியும் வேகம் தளராத என்ஜினைப் பறக்கவிடலாம். முதல் சில பறப்புகளிலும் ஊசி சற்றுத் திறந்தே இருக்கட்டும்.

ஓடும் என்ஜினின் ஊசியைப் புரொப்பெல்லருக்குப் பின்னால் நின்றே திருக வேண்டும். அது சுழலும் தளத்தில் எவரும் நிற்கலாகாது. மெத்தனால் பற்றினால் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அது ஈரத்தையும் உறிஞ்சும். எனவே ஒவ்வொரு நாள் ஓட்டமும் முடிந்ததும், மிச்ச எரிபொருளை எரித்துத் தீர்த்துவிட்டு என்ஜினுக்குள் சில துளி எண்ணெய் விடாவிட்டால் பேரிங்குகள் துருப்பிடிக்கும்.