சாரணர் சின்னமும் எங்கட பிள்ளைகளும்

சித்திரைப் புத்தாண்டில் கைவிசேடம் கொடுப்பது எமது வழக்கம். பெரியவரின் கையிலிருந்து சின்னவரின் கைக்கு ஒன்று போய்ச் சேருகிறது. காசு மட்டுமல்ல, கைத்திறனும் அப்படித்தான் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது. அந்தக் கைமாற்றத்தையே அடிப்படையாக வைத்து நூறு வருடத்துக்கு மேலாக நடந்துவரும் சாரணர் இயக்கத்தைப் பற்றி, இம்மலரில் சில செய்திகளைச் சொல்லலாம் என்று எண்ணுகிறோம்.

தென்னாபிரிக்காவில் 1899-1900 காலத்தில் மாபெக்கிங் நகரம் 217 நாட்கள் முற்றுகைக்குள் இருந்தது. அங்கே சிறுவர்கள் செய்தி கொண்டுபோவது போன்ற பொறுப்பான வேலைகளைச் செய்ததைத் தளபதி பேடன் பவல் கண்டார். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் இருபது பையன்கள் வரையில் சேர்த்து ஒரு பாசறை நடத்தினார். அடுத்த ஆண்டு, 1908இல், அவர் எழுதிய நூல் பகுதி பகுதியாக வெளிவந்தது. இயக்கம் காட்டுத்தீ மாதிரிப் பரவிவிட்டது.

சின்னங்கள் வந்த பிறகு ஒரு நல்ல ஏற்பாடும் வந்தது. சாரண ஆசிரியர் பழக்குவார். ஆனால் திறமைச் சின்னத்துக்கான சோதனையைச் செய்வது அந்த வேலை தெரிந்த வெளியாள். முதலுதவியென்றால் ஒரு வைத்தியர், தீயணைப்பென்றால் அந்தப் படையில் வேலை செய்பவர், சமையலென்றால் நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர். பிள்ளை தானாகவே அவரிடம் போய், வணக்கம் சொல்லி, செய்து காட்ட வேண்டும். இதிலை ஒரு சூட்சுமம் இருக்குது. தாய் தகப்பனும் இல்லாத, பள்ளிக்கூட வாத்தியாரும் இல்லாத ஒரு பெரிய மனிசரோடை பிள்ளை பழகப் படிக்கிறது. அந்தப் பெரியவருக்கும் "நான் அறிஞ்சது வீண் போகேல்லை" என்ற நிறைவு வருகிறது.

இலங்கையில் முதல் சாரணர் குழு 1912இல் மாத்தளை கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் எவ். ஜி. ஸ்டீவன்ஸ் என்பவரால் தொடங்கப்பட்டது. பெண் சாரணியம் 1917இல் கண்டியில் தொடங்கியது. யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரிகளிலும் இயக்கம் வேரூன்றியது. மேலான விருதை முன்பு இராணிச் சாரணர் என்றார்கள். 1972இல் நாடு குடியரசான பின் அது ஜனாதிபதிச் சாரணர் விருதாயிற்று. சாரணர் வேலை வாரத்தை எம்மில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அட்டையும் கையுமாகப் பெடியள் படலையைத் தட்டுவினம். முற்றம் கூட்டி, சைக்கிள் துடைத்து, கொடுத்த சில்லறையை வாங்கி, அட்டையில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போவினம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் லட்சக்கணக்கில் வெளிக்கிட்டபோது சின்னங்களை ஆர் தூக்கி வந்தார்கள்? அதற்கு முன்னும் பின்னும் ஓடிய ஓட்டங்களிலும் சான்றிதழ்கள், படங்கள் எல்லாம் வீட்டோடை போயின. ஆனால் முடிச்சுப் போடவும் கட்டுப்போடவும் பழகிய கை கூடவே வந்தது.

இனி நாம் வந்து சேர்ந்த நாட்டைப் பார்ப்போம். கனடாவில் 1914இல் பாராளுமன்றச் சட்டத்தின்மூலம் சாரணர் சங்கம் பதிவானது. பெண் பிள்ளைகளின் முதற் குழு 1910இல் எங்களுக்குக் கிட்ட, சென் கதரின்ஸ் நகரில் பதிவாகியது. 1955இல் நயாகரா-ஒன்-த-லேக்கில் உலக ஜம்போரி நடந்தது. ஐரோப்பாவுக்கு வெளியே நடந்த முதலாவது அதுதான். 1983 ஜூலை 5 முதல் 15 வரை அல்பேர்ட்டாவின் கனனாஸ்கிஸில் இன்னொரு உலக ஜம்போரி. பல நாட்டுப் பிள்ளைகள் ஒன்றாகக் கூடாரமடித்திருந்தார்கள். அது கலைந்து பத்து நாள் கழியவில்லை, கொழும்பில் எங்கட வீடுகள் எரிந்தன.

கனடாச் சாரணர் சங்கத்தில் 1998 முதல் எல்லாப் பிரிவிலும் பெண் பிள்ளைகளும் சேரலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பீவர், எட்டு வயதில் கப், பதினொன்றில் சாரணர் என்று படிப்படியாகப் போகும். பாசறை, படகு, நீச்சல், பனிக்கால வாழ்க்கை, அவசர உதவி முதலிய ஒன்பது துறைகள். ஒவ்வொன்றிலும் ஒன்பது படிகள். முன்னே போன பிள்ளை பின்னால் வரும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதும் உண்டு.

பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரியவரிடம் பிள்ளையை ஒப்படைப்பது நம்பிக்கையான காரியம். அந்த நம்பிக்கை முன்பு சில இடங்களில் மோசமாக முறிந்தது. பாதிக்கப்பட்டவர்களிடம் சங்கம் 2011இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. இன்று பொறுப்பாளராக வருபவர் பொலிஸ் சோதனைக்கு உட்பட வேண்டும். பிள்ளைகளோடு எப்போதும் இரண்டு பொறுப்பாளர்கள் இருக்க வேண்டும் என்பது விதி. விதி இருக்குது எண்டு சும்மா விடாமல், நாங்களும் போய்ப் பார்த்துக் கேட்பது கடமை.

எமது பிள்ளைகளுக்குப் பியானோவும் பரதமும் கணக்கு ரியூசனும் இருக்கின்றன, நல்லது. ஆனால் இரண்டு வேலை செய்யும் தாய் தகப்பனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவிலே, பிள்ளை நம்பிக் கதைக்கக்கூடிய பெரியவர் எத்தனை பேர்? ஊரில் பெரியப்பா, சித்தப்பா, முன்வீட்டு மாஸ்ரர் எல்லாரும் அந்த இடத்தில் இருந்தார்கள். இங்கே அந்த இடம் பல வீடுகளில் வெறுமையாகக் கிடக்கிறது.

அதே நேரம், ஊரிலே ஆசிரியராக, தச்சராக, தாதியாக, கடலோடியாக இருந்து, இங்கே தொழிற்சாலையில் இரவு வேலை செய்து ஓய்ந்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய அறிவை ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளைகளைச் சேர்ப்பதோடு நில்லாமல், கிழமையில் ஒரு மாலைப்பொழுதைக் கொடுத்து அவர்களும் பொறுப்பாளராக முன்வந்தால், இரண்டு வெறுமையும் ஒரேயடியாக நிரம்பும். ஆங்கிலம் கொஞ்சம் தடக்கினாலும் பரவாயில்லை. முடிச்சுக்குப் பாஷை தேவையில்லை.

இந்த வருடக் கைவிசேடத்தோடு உங்களுக்குத் தெரிந்த ஒரு தொழிலையும் பிள்ளையின் கையில் வையுங்கள். எல்லோருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.